மவுண்டன் பைக்குக்கு எந்த ஹைட்ராலிக் பிரேக்? முதல்முறை வாங்குபவர்களுக்கு

"ஷிமானோ வாங்கலாமா, ஸ்ராம் வாங்கலாமா?" புதிதாக மவுண்டன் பைக் ஓட்ட வந்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் நாலு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். உங்கள் எடை என்ன? நீங்கள் இறங்கும் இறக்கம் எவ்வளவு நீளம்? இப்போது வண்டியில் இருக்கும் ரோட்டர், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, எத்தனை மில்லிமீட்டர்? நடுவில் பிரேக் மக்கர் செய்தால் யார் சரிசெய்வார்? இந்த நாலுக்கும் பதில் கையில் இருந்தால், பிராண்டுக் கேள்வி பாதிக்கு மேல் தானாகவே கரைந்துவிடும். அதனால் இந்தக் கட்டுரையிலும் பிராண்டுகள் கொஞ்சம் பின்னால்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். லீவரை இழுத்தால் அதற்குள் இருக்கும் சின்ன பிஸ்டன் ஆயிலைத் தள்ளுகிறது. ஹோஸ் வழியாகப் போன அழுத்தம், ரோட்டரைக் கவ்வி நிற்கும் காலிப்பரில் இருக்கும் பெரிய பிஸ்டன்களை வெளியே தள்ள, அவை பேடை (உரசித் தேயும் கட்டையை) ரோட்டரில் அழுத்துகின்றன. விட்டதும் பிஸ்டன் பின்வாங்க வேண்டுமே, அதற்கு அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் அழுத்தும்போது லேசாக முறுக்கிக்கொள்கிறது. விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் அந்தச் சீலுக்குள் வழுக்கி ஒரு மயிரிழை முன்னால் வந்து உட்காரும், குறைந்த இடத்தை லீவர் தொட்டியில் இருக்கும் ஆயில் நிரப்பும். கேபிள் பிரேக்கில் அடிக்கடி திருகு திருகி இறுக்குவோமே, அந்த வேலை இதில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் பிரேக்கின் பாதி நோய்களும் புரிந்துவிடும். சீல் அழுக்கேறிக் காய்ந்தால் பிஸ்டன் திரும்பாது, ரோட்டர் உரசும். ஆயிலில் காற்றுக் குமிழி இருந்தால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், ஏனென்றால் ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும்.

உங்கள் தேவையை அளந்துகொள்ளுங்கள்

பிரேக்கின் வேலை வேகத்தைச் சூடாக மாற்றுவது. 60 கிலோ ஆள் ஐந்து நிமிட இறக்கத்தில் உண்டாக்கும் சூடு வேறு, 95 கிலோ ஆள் மின் மோட்டார் வைத்த கனமான வண்டியில் இருபது நிமிடம் இறங்கும்போது உண்டாகும் சூடு வேறு. சூடு எல்லை மீறினால் பேடின் பிடிப்பு குறையும். அதற்கும் மேலே போனால் ஆயில் கொதித்து ஆவியாகும், லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டு நிற்கும். அந்த நிலை வருவதற்கு முன்னால் கருகிய வாடை ஒன்று வரும். ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான ரோட்டர் கோணிக்கொள்ளும்.

காலிப்பரில் 2 பிஸ்டனா 4 பிஸ்டனா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. 4 பிஸ்டன் காலிப்பரில் பேட் நீளமாக, பெரிதாக இருக்கும். சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஏற்றம் இறக்கம் கலந்த சாதாரணக் காட்டுப் பாதைக்கு, நடுத்தர எடை உள்ளவர்களுக்கு, நல்ல 2 பிஸ்டனே தாராளம். நீண்ட இறக்கம், கனமான உடம்பு, மின் மோட்டார் வைத்த சைக்கிள், இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் யோசிக்காமல் 4 பிஸ்டன். முன்னால் 4, பின்னால் 2 என்று கலந்து போடுபவர்களும் உண்டு. மகுரா கம்பெனியின் எம்டி டிரெயில் பிரேக் பெட்டியிலேயே அப்படித்தான் வரும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது என்பதால் அது அர்த்தமுள்ள கலவைதான்.

ரோட்டர்: மலிவான வழி

பிரேக் போதவில்லை என்று புது பிரேக் தேடுபவர்களில் நிறைய பேருக்கு வேண்டியது பெரிய ரோட்டர் மட்டுமே. கணக்கு எளிது. அதே அழுத்தத்தில், ரோட்டர் பெரிதாகும் விகிதத்தில் நிறுத்தும் விசையும் கூடும். 160-லிருந்து 180-க்கு மாறினால் சுமார் 12 சதவீதம், 180-லிருந்து 203-க்குப் போனால் சுமார் 13 சதவீதம். தவிர, இரும்பு கூடுவதால் சூட்டைத் தாங்கும் திறனும் கூடும். ஒரு ரோட்டர், காலிப்பரைத் தள்ளி உட்காரவைக்கும் ஒரு அடாப்டர், அரை மணி நேரம், வேலை முடிந்தது.

ஆனால் கடைக்குப் போகும் முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்கும் ஃபிரேமும் எவ்வளவு பெரிய ரோட்டரை அனுமதிக்கின்றன என்று தயாரிப்பாளர் ஓர் எல்லை வைத்திருப்பார், அதைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, உங்கள் சக்கரத்தின் ஹப் (நடுக்குடம்) ஆறு போல்ட் வகையா, ஷிமானோ கொண்டுவந்த சென்டர்லாக் வகையா என்று பாருங்கள். மூன்றாவது, காலிப்பர் உட்காரும் இடம் போஸ்ட் மவுண்டா, பழைய ஐ.எஸ். மவுண்டா என்பது.

இன்னொரு சின்னப் பொறி இருக்கிறது, இதில் நானே விழுந்திருக்கிறேன். ஷிமானோவின் பெரிய ரோட்டர் 203 மில்லிமீட்டர், ஸ்ராமுடையது 200. மூன்று மில்லிமீட்டர்தானே என்று 203-க்கான அடாப்டரில் 200 ரோட்டரை மாட்டினேன். காலிப்பர் ஒன்றரை மில்லிமீட்டர் மேலே தள்ளி உட்கார்ந்தது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. சில வாரம் கழித்துப் பேடைக் கழற்றிப் பார்த்தால், மேல் ஓரத்தில் தேயாத ஒரு விளிம்பு, பிளேடு மாதிரி நின்றுகொண்டிருந்தது. ரோட்டர் அந்த இடத்தைத் தொடவே இல்லை. நல்ல வேளை, எதிர்ப்பக்க விளிம்புகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்குப் போவதற்குள் பார்த்துவிட்டேன்.

ரோட்டரின் தடிமனும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஷிமானோ ரோட்டர் 1.8 மில்லிமீட்டர், 1.5-க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஸ்ராமின் எச்எஸ்2, மகுராவின் எம்டிஆர் வகைகள் 2.0. டிஆர்பி-யின் டிஎச்-ஆர் ஈவோ பிரேக் 2.3 மில்லிமீட்டர் ரோட்டருக்காகவே செய்யப்பட்டது. தடித்த ரோட்டரை மெல்லிய ரோட்டருக்கான காலிப்பரில் மாட்டினால் இடைவெளி குறைந்து உரசிக்கொண்டே இருக்கும். மெல்லியதைத் தடித்த ரோட்டருக்கான காலிப்பரில் மாட்டினால் லீவர் ஹேண்டில்பாருக்கு அருகில் வந்துவிடும். முதல் தடவை பிரேக்கும் ரோட்டரும் ஒரே கம்பெனியாக இருப்பது தலைவலியைக் குறைக்கும்.

விரலுக்கு எது பிடிக்கிறது?

பிராண்டுகளுக்கு இடையே உண்மையான வித்தியாசம் இங்கேதான், விரல் நுனியில். நிறுத்தும் சக்தியில் இன்றைய நல்ல பிரேக்குகள் எல்லாமே ஒரு சாதாரண ஓட்டுநருக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. அந்தச் சக்தி எப்படி வந்து சேருகிறது என்பதில்தான் ஆளாளுக்கு ருசி.

ஷிமானோவின் டியோர் முதல் மேல் வரிசை மாடல்கள் பெரும்பாலானவற்றில் சர்வோ வேவ் என்ற அமைப்பு உண்டு. லீவருக்குள் ஒரு வளைந்த கேம் இருக்கும். இழுத்தவுடன் பேட் சட்டென்று ரோட்டரை நெருங்கிவிடும், தொட்ட பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டர் இழுப்புக்கும் விசை பலமடங்காகும். கையில் எப்படி இருக்கும் என்றால், ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம் கப்பென்று பிடிக்கும். விரலுக்குச் சிரமமே இருக்காது. கை சீக்கிரம் களைத்துப் போகிறவர்களுக்கு இது வரம்.

ஸ்ராமின் கோட், ஜி2 வகைகள் வேறு குணம். பேட் தொட்ட பிறகும் லீவர் இன்னும் கொஞ்சம் நகரும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பிடிக்கும். ஈரமான வேர்கள் மேலே, சரளைக்கல் சரிவில், சக்கரம் வழுக்கப் போகும் அந்த விளிம்பில் வைத்து ஓட்ட இது வசதி. பதிலுக்கு விரல் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். மாற்றி ஓட்டிப் பார்த்தால், ஷிமானோ பழகியவர் ஸ்ராமைப் பிடித்து "இது பிடிக்கவே இல்லையே" என்பார். ஸ்ராம் பழகியவர் ஷிமானோவைத் தொட்டவுடன் பின் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போவார். இரண்டு பேரும் அவரவர் விரல் பழக்கத்தைத்தான் சொல்கிறார்கள்.

கடையில் நின்றபடி லீவரை அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டி நிற்கும்போது கெட்டியாக, சுருக்கென்று பிடிக்கும் லீவர்தான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். இறக்கத்தில், அதுவும் மூன்றாவது நிமிடத்தில், கை நடுங்க ஆரம்பித்த பிறகு அதே லீவர் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. தெரிந்தவர் வண்டியைக் கெஞ்சியாவது வாங்கி ஒரு இறக்கம் இறங்கிப் பாருங்கள். கூடவே உங்கள் கை அளவையும் கவனியுங்கள். சின்னக் கை உள்ளவர்களுக்கு லீவர் எவ்வளவு அருகில் கொண்டுவர முடிகிறது என்பது சக்தியைவிட முக்கியம்.

ஆயில் விஷயம்

ஹைட்ராலிக் பிரேக்குகளில் இரண்டு சாதிதான்: மினரல் ஆயில் ஓடுபவை, டாட் (DOT) என்ற தரக்குறி போட்ட ஆயில் ஓடுபவை. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ, அதன் மேல்தட்டு பிராண்டான டிஆர்பி, இத்தாலியின் ஃபார்முலா குரா, இவை மினரல். ஹோப், ஹேய்ஸ் டொமினியன், ஸ்ராமின் கோட், ஜி2, லெவல் இவை டாட். ஸ்ராம் ரொம்ப காலம் டாட் கட்சியாகவே இருந்துவிட்டு, 2022-ல் டிபி8 மாடலோடு மினரல் பக்கமும் வந்தது. 2024-ல் மேவன், 2025-ல் மோட்டிவ், இரண்டுமே மினரல்தான். ஆகவே "ஸ்ராம் என்றால் டாட்" என்ற பழைய பாடத்தை நம்பி ஆயில் வாங்கிவிடாதீர்கள். லீவர் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

டாட் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 5.1 குறைந்தது 260 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 180-க்கு இறங்கிவிடும். அதனால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுவது நல்லது. பெயின்டில் பட்டால் உரித்துவிடும், தோலுக்கும் ஆகாது, கையுறை வேண்டும். நன்மை என்ன? எந்தக் கம்பெனி டாட் 5.1 ஆனாலும் ஒன்றுதான், கார், மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். டாட் 4 அதே இனம், கொதிநிலை கொஞ்சம் குறைவு. ஆனால் டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான் ஆயில், அதைத் தொடாதீர்கள். அந்த ஒரு புள்ளி-ஒன்றில் அவ்வளவு வித்தியாசம்.

மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. அதற்காக தண்ணீர் உள்ளே போகவே போகாது என்று அர்த்தமில்லை. போனால் கலக்காமல் தனியாகத் தாழ்வான இடத்தில், அதாவது காலிப்பரில், போய் உட்கார்ந்துகொள்ளும். 100 டிகிரியில் கொதிக்கும். ஆகவே அதையும் அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும், அவசரம் மட்டும் குறைவு. மினரலுக்குப் பொதுத் தரநிலை கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கலவை. பிரேக் கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்றுவது உத்தமம்.

டாட் பிரேக்கில் மினரலையோ, மினரல் பிரேக்கில் டாட்டையோ ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. சீல் ரப்பர்கள் வேறு வேறு. தப்பான ஆயிலில் அவை ஊறி உப்பிவிடும். அப்புறம் கழுவியெல்லாம் காப்பாற்ற முடியாது. சிரிஞ்சும் குழாயும்கூடத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நீங்களே காற்றெடுக்க, அதாவது ஆயிலில் இருக்கும் குமிழிகளை வெளியேற்றப் போகிறவர் என்றால், ஷிமானோவின் புனல் முறை புதியவர்களுக்குச் சுலபம். லீவர் மேலே ஒரு புனலைத் திருகி, கீழே காலிப்பரிலிருந்து சிரிஞ்சால் ஆயிலை ஏற்ற, குமிழிகள் புனலில் வந்து வெடிப்பது கண்ணுக்கே தெரியும். ஸ்ராமுக்கு இரண்டு சிரிஞ்சு வேண்டும், முதல் தடவை கொஞ்சம் தடுமாறுவீர்கள். ஹேய்ஸ் டொமினியன் காலிப்பரில் ஆயில் துளை இரண்டு இருக்கும். ஒளிந்திருக்கும் குமிழியையும் வெளியேற்ற அது உதவும்.

இனி பிராண்டுகள்

ஷிமானோவைப் பற்றி ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டேன். முதல் பிரேக்காக என்னைக் கேட்டால் டியோர் வரிசைதான். எம்6100 என்பது 2 பிஸ்டன், எம்6120 என்பது 4 பிஸ்டன். எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி என்று மேலே போகப்போக லீவரைக் கருவி இல்லாமல் நகர்த்தும் வசதி, பேட் தொடும் இடத்தைச் சரிசெய்யும் திருகு என்று சேரும். நிறுத்தும் சக்தி அந்த விகிதத்தில் கூடாது. இந்தத் தலைமுறையில் டியோர் முதல் எக்ஸ்டிஆர் வரை 4 பிஸ்டன் காலிப்பர்களுக்கு ஒரே வடிவப் பேடுதான் என்பது பலருக்குத் தெரியாது. குறை இரண்டு. பேட் பிடிக்கும் இடம் ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது என்று ஓட்டுபவர்கள் பல வருடமாகப் புலம்புவது ஒன்று. காலிப்பர் சீல் போனால் உள்பாகம் வாங்கி மாற்றும் வழக்கம் ஷிமானோவில் இல்லை, முழுக் காலிப்பரையே மாற்ற வேண்டியிருக்கும் என்பது இன்னொன்று. ஆரம்ப நிலையில் வரும் எம்டி200 எளிய, நம்பகமான பிரேக். சர்வோ வேவ் எதிர்பார்க்காதீர்கள்.

ஸ்ராம் 2004-ல் ஏவிட் என்ற பிரேக் நிறுவனத்தை வாங்கியதிலிருந்து பிரேக் தொழிலில் இருக்கிறது. அந்தக் காலத்து ஏவிட் பிரேக்குகளின் வான்கோழிச் சத்தம் பிரசித்தம்; பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லியே ஸ்ராமைக் கிண்டல் செய்வார்கள், இன்றைய பிரேக்குக்கு அது பொருந்தாது. லெவல் இலகுவானது, ஏற்றப் பிரியர்களுக்கு. கோட் இறக்கத்துக்கு. மேவன் அதற்கும் மேலே: 18, 19.5 மில்லிமீட்டர் பிஸ்டன்கள், அசுர பலம். 60 கிலோ உள்ள புதியவர் மேவன் போட்டுக்கொள்வது, தெருமுனைக் கடைக்கு லாரி எடுத்துக்கொண்டு போவது மாதிரி. டிபி8 விலையும் அடக்கம், பராமரிப்பும் அடக்கம். புதியவர்கள் ஸ்ராம் பக்கம் வந்தால் நான் முதலில் காட்டுவது அதைத்தான். உள்பாகங்கள் தனியாகக் கிடைப்பது ஸ்ராமின் பெரிய பலம்.

மகுரா ஜெர்மனியின் பாட் உராக் ஊர்க் கம்பெனி, 1893-ல் தொடங்கியது. 1987-லேயே சைக்கிளுக்கு ஹைட்ராலிக் ரிம் பிரேக் செய்தவர்கள். எம்டி5, எம்டி7 இரண்டும் 4 பிஸ்டன். பலமும் உண்டு, நிதானமாகக் கூட்டிக் குறைக்கும் நயமும் உண்டு. இரண்டுக்கும் காலிப்பரில் பெரிய வித்தியாசமில்லை, லீவரில்தான் விலை ஏறுகிறது. அதனால் எம்டி5 வாங்கி மிச்சப்பட்ட காசில் நல்ல ரோட்டர் போடுவது புத்திசாலித்தனம். ஒரே எச்சரிக்கை: லீவர் உடல் நார் கலந்த பிளாஸ்டிக். திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் கதை முடிந்தது.

ஹோப், இங்கிலாந்தின் பார்னால்ட்ஸ்விக்கில் அலுமினியக் கட்டியைக் கடைந்தே பிரேக் செய்யும் கம்பெனி. டெக் 4 லீவரில் எல்லாத் திருகுகளையும் கையாலேயே திருப்பலாம். பல வருடப் பழைய பிரேக்குக்கும் சின்ன ரப்பர் வளையம் வரை கிடைக்கும். ஒருமுறை வாங்கி, பத்து வருடம் தானே பிரித்துக் கோக்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பிரேக் இல்லை. பலம் மெதுவாகக் கூடிவரும் ரகம்; சுருக்கென்ற பிடியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஹேய்ஸ் டொமினியன் ஏ4 பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, பேச வேண்டும். லீவர் இழுப்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். காலிப்பரை ரோட்டருக்கு நடுவில் கொண்டுவர இரண்டு குட்டித் திருகுகள் வைத்திருக்கிறார்கள், இந்த யோசனை மற்ற கம்பெனிகளுக்கு ஏன் வரவில்லை என்பது எனக்குப் புதிர். டிஆர்பி தடித்த ரோட்டரோடு வரும், சூட்டைத் தாங்கும், வேகமாக இறங்குபவர்களுக்கானது. டெக்ட்ரோ விலை குறைந்த வண்டிகளில் கூடவே வருவது. பேட் மாற்றி, காற்றெடுத்து வைத்தால் நன்றாகவே உழைக்கும், கழற்றி எறிய அவசரப்படாதீர்கள். டிரிக்ஸ்டஃப் என்ற ஜெர்மன் பிரேக் தாவர எண்ணெயில் ஓடுகிறது, அழகு, பலம், விலை எல்லாமே உச்சம். முதல் பிரேக்காக வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டுக்கு நடுவே திணறினால், உங்கள் பக்கத்தில் எதன் பேடும் ஆயிலும் கேட்டவுடன் கிடைக்கிறதோ அதை எடுங்கள். உலகத்தின் சிறந்த பிரேக்காக இருந்தாலும், பேடுக்காக மூன்று வாரம் காத்திருக்கும்போது அது சுவரில் தொங்கும் அலங்காரப் பொருள்.

பேட்

ரெசின் பேட் அமைதியானது, முதல் தொடுதலிலேயே பிடிக்கும், சேற்றில் சீக்கிரம் கரையும். மெட்டல் பேட் ஈரத்திலும் சூட்டிலும் நீடிக்கும், சத்தம் போடும். சில மலிவு ரோட்டர்களில் 'ரெசின் மட்டும்' என்று பொறித்திருப்பார்கள். அதில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டரையே தின்றுவிடும். அவ்வளவுதான்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

கடையிலோ பழைய வண்டியிலோ, லீவரை நன்றாக இழுத்துப் பத்து எண்ணுங்கள். மெல்ல மெல்ல உள்ளே போனால் எங்கோ கசிகிறது. அடுத்து இரண்டு மூன்று முறை வேகமாக இழுத்து விடுங்கள். இழுக்க இழுக்கக் கெட்டியானால் உள்ளே காற்று இருக்கிறது. காலிப்பரைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், ஈரப் பிசுபிசுப்பு கூடாது. வண்டி நெடுநேரம் தலைகீழாகக் கிடந்திருந்தால் தொட்டிக் காற்று ஹோஸுக்குள் ஏறியிருக்கலாம். நிமிர்த்தி, கொஞ்ச நேரம் விட்டு, மெதுவாகப் பத்து முறை இழுத்துவிட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்கள். எந்த லீவர் முன் சக்கரத்துக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதையும் ஓட்டும் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது வரிசை இதுதான். முதலில் ரோட்டர். போல்ட் இறுக்கும் அளவைக் கம்பெனித் தாளில் பாருங்கள், ஊகம் வேண்டாம். ஆறு போல்ட் ரோட்டருக்கு ஷிமானோ 2 முதல் 4 நியூட்டன் மீட்டர் என்கிறது, ஸ்ராம் 6.2 என்கிறது. நட்சத்திர வடிவில் எதிரெதிர் போல்ட்டாக இறுக்குங்கள். ரோட்டரை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், விரல் எண்ணெய்கூட அதற்கு ஆகாது. பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் சுத்தமான துணியை நனைத்து ஒரு துடை.

அடுத்து காலிப்பர். இரண்டு போல்ட்டையும் காலிப்பர் ஆடும் அளவுக்குத் தளர்த்துங்கள். சக்கரத்தைச் சுற்றி, லீவரை இழுத்துப் பிடியுங்கள். காலிப்பர் தானே நடுவில் வந்து நிற்கும். பிடித்தபடியே இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஷிமானோவில் 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். லீவரை விட்டுவிட்டுக் காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ரோட்டருக்கு இரண்டு பக்கமும் வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம்தான் உரசுகிறது, கையால் மயிரிழை நகர்த்தி மறுபடி இறுக்குங்கள். இந்த ஒரு வேலைக்கு நான் இன்னும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். கூச்சமில்லை.

ஹோஸ் நீளமாக இருக்கிறது என்று முதல் நாளே வெட்டாதீர்கள். வெட்டினால் உள்ளே போகும் முள்ளும் பித்தளை வளையமும் புதிதாகப் போட வேண்டும், பெரும்பாலும் காற்றும் எடுக்க வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, ஒரு மாதம் ஓட்டி, பிறகு வெட்டலாம்.

இனிப் பேடைப் பழக்குவது. புது பேடின் ஒரு மெல்லிய படலம் ரோட்டரில் சீராகப் படிந்தால்தான் பிரேக் பிரேக்காகும். சமதளமான, ஆள் இல்லாத இடத்தில் நடுத்தர வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சீரான அழுத்தத்தில், சுமார் இருபது முறை குறையுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் வேகத்திலிருந்து பத்து முறை. சக்கரம் முழுசாக நிற்கக் கூடாது, இறுகி வழுக்கவும் கூடாது. நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்து பிறகு அதிரும். ஏழெட்டாவது முறையில் பிரேக் கூர்மையாவது விரலுக்கே தெரியும். புது பிரேக் பிடிக்கவில்லை என்று குறை சொல்பவர்களில் பாதிப்பேர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்.

செயின் ஸ்பிரே அடிக்கும்போது பின் ரோட்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். ஒரு தூறல் பட்டாலும் பேட் உறிஞ்சிக்கொள்ளும், அதற்கப்புறம் கீச்சுச் சத்தம்தான். ரோட்டரைத் துடைத்தால் சரியாகும், நனைந்த பேடை அடுப்பில் சுட்டு மீட்டவர்கள் கதையெல்லாம் நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள், புது பேட் வாங்குங்கள்.

சக்கரத்தைக் கழற்றினால் உடனே பேடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் அட்டையைச் செருகுங்கள், பிரேக் பெட்டியிலேயே மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒன்று வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். ஒருமுறை காரில் ஏற்ற முன் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தேன். என் அக்கா மகன், ஆறு வயது, "மாமா, இது மோட்டார் சைக்கிள் மாதிரியே இருக்கு" என்று லீவரை ஏழெட்டு முறை இழுத்தான். பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலால் அவற்றைப் பிரித்து, பேடை எடுத்து, பிஸ்டனை நேராக உள்ளே தள்ள ஒரு மணி நேரம் ஆனது. ஸ்க்ரூடிரைவரை நேராகப் பிஸ்டனில் வைத்து நெம்பாதீர்கள், சில மாடல்களில் பிஸ்டன் பீங்கான், விரிசல் விட்டுவிடும். அந்த அட்டை இல்லாவிட்டால் நாலாக மடித்த கெட்டி அட்டைத் துண்டு போதும்.

பிரேக் வாங்கும் அன்றே அதற்குரிய பேட் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துக் காலிப்பருக்குள் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் இருக்கும் பேட் பொருள் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும்போது மாற்றுங்கள். ஷிமானோ வைத்திருக்கும் எல்லை 0.5 மில்லிமீட்டர், சேறு நிறைந்த ஒரே ஒரு நாள் ஓட்டத்தில் அந்த மிச்ச அரை மில்லிமீட்டரும் காணாமல் போய்விடும்.